முத்தும்வரை

கடல் கலங்கிக் கிடந்தால் நாங்கள் இறங்குவதில்லை.
'கலக்கு' என்று யாராவது சொன்னால் போதும்,
வள்ளம் கரையேறிவிடும்.
காற்று மாறினால் தெளியும்.

பெரியபட்டினத்துப் பள்ளி மினாரா
எனக்கு இரண்டாய்த் தெரிந்தபோதும்
அப்படித்தான் நினைத்தேன்.
நான்கு தடவை காற்று மாறியது.

இரவில் பைக் விளக்குகள்
கடல்முள்ளெலி போல முள் விரித்து வந்தன.
பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு,
"கண்ணாடிய மறந்துட்டேன்" என்பேன்.
என்னிடம் கண்ணாடியே கிடையாது.

"புரை. முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்"
என்றார்கள் தெருவில்,
தேங்காயைத் தட்டிப் பார்ப்பவர்கள் போல.
முப்பது வருஷம் இந்தக் கடலில் சங்கெடுத்தவன்,
முத்து ஒன்றைக்கூடக் கண்டதில்லை.
கண்ணுக்குள்ளாவது விளையட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோறு புரையேறினால்
"யாரோ நெனைக்கிறாங்க" என்று
உச்சியில் தட்டுவாள் ஜொகரா.
கண்ணில் புரையேறினால்
எங்கே தட்டுவது?

முங்குவதை விட்டு எட்டு வருஷம்.
கீழக்கரைக் கிட்டங்கியில் சங்கு தரம் பிரிக்கிறேன்.
வளையத்தில் நுழைந்தால் சிறிசு, நின்றால் பெரிசு.
அதைக் கை பார்த்துக்கொள்ளும்.
புழு அரித்த சங்குதான் கண்ணைக் கேட்கும்.
ஊசிமுனைத் துளை.
கட்டைவிரலால் தடவித் தடவி
சமாளித்தேன்.

கல்யாண மண்டபத்தில் முகாம்.
நர்ஸ் அமலோற்பவம் டார்ச் அடித்துப் பார்த்து
பல்லைக் கடித்தாள்.
"முத்தினா கல்லாயிடும் பாய்.
எடுக்கிறது எங்களுக்கும் பாடு, உங்களுக்கும் பாடு.
வேலைக்குத் தடங்கலாச்சுன்னா அன்னைக்கே வரணும்."

கண்மணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறதாம்,
பிறக்கும்போது கண்ணாடி.
புரை ஊற்றிய பால் போல
மெல்ல உறைந்துபோகுமாம்,
வயசாலும் வெயிலாலும் சர்க்கரையாலும்.
என்னிடம் மூன்றும் இருந்தன.
சொட்டு மருந்தில் கரையாது.
தேன் விட்டால் புண்தான் மிச்சம்.

ராமநாதபுரத்துக்கு வேன்.
வலது புருவத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள்,
இந்தக் கண்தான் என்று,
நாங்கள் சங்குக்கு மை வைப்பது போல.

மரத்துப்போகச் சொட்டு. பச்சைத் துணி.
மேலே விளக்கு.

அந்த விளக்கை எனக்குத் தெரியும்.
ஆறு பாக ஆழத்தில் மல்லாந்து பார்த்தால்
சூரியன் இப்படித்தான்,
உருகி, உடைந்து, ஓரிடத்தில் நில்லாமல்.
வள்ளத்தின் அடிவயிறு நிழலாகக் கடந்தது.
டாக்டரின் கை அது.
எங்கோ ஒரு எந்திரம் சுண்டெலி போலக் கீச்சிட்டது.
தண்ணீர் ஓடும் சத்தம்.

"பாய், மூச்சு விடுங்க."

அடக்கியிருந்தேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

"இங்கே காத்து இருக்கு பாய். விடுங்க."

விட்டேன்.
சுருட்டிய பாய் மாதிரி உள்ளே போய்
விரிந்துகொண்டதாம் புது வில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள்.
சுவர் நீலம். அவ்வளவு நீலம்,
சுண்ணாம்பு அடித்தவனைத் திட்டத் தோன்றியது.
என் வெள்ளைச் சட்டை
இத்தனை நாள் டீ நிறத்தில் இருந்திருக்கிறது.
வலக்கண்ணை மூடினால்
இன்னும் அப்படியேதான்.

ஒரு மாதம் மருந்து.
தலைக்குத் தண்ணி கூடாது,
ஒளுவுக்கு முகத்தில் ஈரக்கை மட்டும்.

கிட்டங்கிக்குத் திரும்பிய முதல் நாள்.
பக்கத்துச் சாக்கில் பூமயில்.
நான் பிரித்து வைத்த குவியலுக்கு
அவள் கை தன்பாட்டில் வந்து
ஒரு சங்கை எடுத்தது.
திருப்பிப் பார்த்தாள். துளை இல்லை.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
வைத்துவிட்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோரம்,
வாய் கட்டாத ஒரு மூட்டை.
அத்தனையும் புழு அரித்தவை.
என் விரல் நல்லதென்று சொன்னவை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
டீ வந்தது.
"அடுத்த கண்ணு எப்ப, காக்கா?" என்றாள்,
சங்கிலிருந்து தலையெடுக்காமல்.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
புரையேறியது.